பிளாஷ் போட்டும் படம் கெடுகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

கல்யாணப் படம் எடுக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. படம் சரியில்லை என்றால் விரல் தானாக ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்துக்குக் காட்டும் உணர்திறன்) சக்கரத்துக்குப் போய்விடும். அதைத் திருப்பி, ஷட்டரை (வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை) மாற்றி, பிளாஷின் பவரையும் ஏற்றி, மூன்றும் ஒரே மூச்சில் மாறிய பிறகு எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் கழித்து அதே தொல்லை திரும்ப வரும்.

என்னோடு வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதுகிறேன். கெட்ட படத்தை அழிக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படங்களோடு சேர்த்துப் பாருங்கள். எல்லாமே ஒரே மாதிரி கெட்டிருக்கிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருக்கிறதா, படத்தின் ஒரு பகுதி மட்டும் கெட்டிருக்கிறதா? இது தெரிந்தால் எந்தத் தலைப்புக்குப் போவது என்பதும் தெரியும். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கைக்காசைக் கரைப்பது கடைசியில் வரும். ஒன்றை மாற்றுங்கள், ஒரு படம் எடுங்கள், அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.

## பிளாஷ் அடிக்கவே இல்லை

பிளாஷின் முதுகில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். வழி இங்கேயே பிரிந்துவிடும்.

### பொத்தானுக்கு அடிக்கிறது, கேமராவுக்கு அடிக்கவில்லை

அப்படியானால் பிளாஷ் நன்றாக இருக்கிறது. குறை கேமராவில் இருக்கும், இல்லையென்றால் இரண்டும் சேரும் இடத்தில் இருக்கும்.

முதலில் சைலன்ட் ஷட்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மிர்ரர்லெஸ் கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறியதும் பிளாஷ் அடிக்காது. ஒரு வரவேற்பில் அரை மணி நேரத்துக்கு மேல் டிரிகரை (பிளாஷை ரேடியோ வழியாக அடிக்கச் சொல்லும் கருவியை) திட்டிக்கொண்டே இரண்டு செட் பேட்டரி மாற்றினேன், கடைசியில் கூட வந்தவரின் பிளாஷைப் பிடுங்கி மாட்டினேன். அதுவும் அடிக்கவில்லை. காலையில் சடங்கு நடக்கும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று நானே சைலன்ட் போட்டு வைத்திருந்தேன். அன்று முதல் இதுதான் என் பட்டியலின் முதல் வரி.

அடுத்து, பிளாஷ் ஹாட் ஷூவுக்குள் (கேமராவின் தலையில் அதை மாட்டும் இடத்துக்குள்) கடைசிவரை போய்ப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் பின்னால் இருந்தால்கூடப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேராது. கழற்றி, இரண்டு பக்கமும் உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி மாட்டுங்கள். வியர்வைக் கறை ஏறியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சி போதும். ஷூவுக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும் மாடல்களில் இந்தத் தொல்லை அதிகம். மெனுவில் வெளிப் பிளாஷ் அடிப்பதை நிறுத்தும் அமைப்பு ஒன்று இருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் வேறொரு கேமராவில் மாட்டிப் பாருங்கள். அங்கே அடித்தால் உங்கள் கேமராவின் ஷூவில்தான் கோளாறு. ஷூவே ஆடுகிறது என்றால் உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம். அது சர்வீஸுக்குப் போக வேண்டிய வேலை.

### பொத்தானுக்கும் அடிக்கவில்லை

பேட்டரியைப் பாருங்கள். அது நிறைந்திருந்தால் தலையைத் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து முழு பவரில் அடித்திருந்தால் சூட்டுப் பாதுகாப்பு பிளாஷைத் தானே நிறுத்தியிருக்கும். அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் காற்றில் வையுங்கள், எழுந்துவிடும்.

ஆறிய பிறகும் எழவில்லை, கருகிய வாடை வருகிறது, பேட்டரி உப்பியிருக்கிறது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பிளாஷைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அந்த மின்சாரம் உள்ளேயே தங்கியிருக்கும். இணையத்தில் வீடியோ பார்த்துத் திருகாணி எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெரிந்தவர் திறக்கட்டும்.

### ஸ்டாண்டில் இருக்கும் பிளாஷ் மட்டும் அடிக்கவில்லை

சேனல், குரூப், ஐடி எண் மூன்றும் டிரிகரிலும் பிளாஷிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாஷ் ரேடியோ ரிசீவர் மோடில் இருக்கிறதா, ஆப்டிக்கல் மோடுக்கு (இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிப்பதற்கு) மாறிவிட்டதா என்று பாருங்கள். பைக்குள் இருக்கும்போது பொத்தான் அழுந்தி மாறுவது சகஜம். தூக்க நேரம் சிறியதாக வைத்திருந்தால் பேச்சு நடக்கும் நேரத்தில் அது தூங்கிவிடும், திரும்ப எழாது. வேலை நாளில் தூக்கத்தை அணைத்தே வையுங்கள்.

ஆள் இல்லாத மண்டபத்தில் நன்றாக அடித்துவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் விட்டு விட்டு அடிக்கிறதா? பெரும்பாலான டிரிகர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. கூடவே மனித உடம்பு அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேலே உயர்த்துங்கள். சேனலை மாற்றுங்கள், நெரிசல் குறைந்த சேனலைத் தேடித் தரும் வசதி சில டிரிகர்களில் உண்டு. எதிர்மாறாக, பிளாஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து அடிக்காமல் போனால் டிரிகரின் தூர அமைப்பைப் பாருங்கள். நீண்ட தூரத்துக்கு வைத்திருந்தால் சில மாடல்கள் மிக அருகில் தடுமாறும்.

நீங்கள் அழுத்தாமலே உங்கள் பிளாஷ் அடிக்கிறதா? பேய் ஒன்றும் இல்லை. வீடியோக் குழுவோடு வந்தவரோ வேறு யாரோ அதே சேனலில் இருக்கிறார். ஐடி எண்ணை மாற்றிவிடுங்கள்.

## சில படங்கள் மட்டும் இருட்டாக வருகின்றன

எனக்கு அதிகமாக வரும் தொலைபேசி அழைப்பு இதற்குத்தான். விடை எப்போதும் படங்களின் வரிசையில் இருக்கிறது.

### முதல் படம் நன்று, அடுத்தது இருட்டு, மூன்றாவது நன்று

பிளாஷ் திரும்ப நிறைவதற்குள் அடுத்த படத்தை எடுத்துவிடுகிறீர்கள். முழு பவரில் அடித்தால் டபுள் ஏ பேட்டரி போடும் பிளாஷ்களுக்கு நிறைய இரண்டு மூன்று வினாடிகள் ஆகும், பேட்டரி தளர்ந்தால் இன்னும் கூடும். செலவில்லாத வழி பவரைக் குறைப்பது. முழு பவரில் இருப்பதைக் கால் பங்குக்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 400இலிருந்து 1600க்கு ஏற்றினால் படத்தில் பிளாஷின் வெளிச்சம் மாறாது, பிளாஷும் மூச்சு வாங்காது. பிள்ளைகள் ஓடும்போதும் நடனத்தின்போதும் நான் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போவதே இல்லை.

அப்புறம் பேட்டரி. சாதாரண அல்கலைன் பேட்டரி பிளாஷ் கேட்கும் வேகத்துக்கு மின்சாரம் தராது. 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி வோல்ட்டேஜில் குறைவானாலும் வேகமாகத் தரும். நான்கும் ஒரே நாளில் வாங்கியவையாக, ஒன்றாகவே சார்ஜ் ஏறியவையாக இருக்க வேண்டும். மூன்று நல்லதோடு ஒரு கிழம் சேர்ந்தால் நான்குமே கிழம்தான். நான் எழுதுகோலால் செட்டுக்கு ஒரு எழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் மாற்றியும் நிறைய ஐந்தாறு வினாடி ஆகிறது என்றால் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம். சர்வீஸில் விலை கேளுங்கள். பழைய பிளாஷ் என்றால் பெரும்பாலும் லித்தியம் பேக் போடும் புதிய ஒன்று வாங்குவதே மேல்.

### உடையைப் பொறுத்து வெளிச்சம் ஏறி இறங்குகிறது

வெள்ளை உடைக்காரர் நிற்கும்போது படம் மங்குகிறது, கறுப்புக் கோட்டுக்காரர் வந்ததும் முகம் வெளுத்துவிடுகிறது. பிளாஷ் கெடவில்லை. டிடிஎல் (லென்ஸ் வழியாக அளந்து பிளாஷின் பவரைத் தானே முடிவுசெய்யும் முறை) தன் கணக்கைப் போடுகிறது, அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்ப்பது அதன் குணம். வெள்ளைக்கு பிளாஷ் காம்பன்சேஷனை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது) கூட்டுங்கள், கறுப்புக்கு அதே அளவு குறையுங்கள்.

மேடையில் வரிசையாக வந்து படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் டிடிஎல்லே வேண்டாம். ஆட்கள் மாறுகிறார்களே தவிர, விளக்குக்கும் ஆளுக்கும் இடையிலான தூரம் மாறுவதில்லை. மேனுவலில் ஒருமுறை அளந்து வைத்தால் இருநூறு குடும்பமும் ஒரே வெளிச்சத்தில் வரும். தூரம் மாறுகிற இடத்துக்குத்தான் டிடிஎல்: கூட்டத்துக்குள் நடந்து எடுப்பது, நுழைவாயில், விருந்து மேசைகளைச் சுற்றுவது.

### ஒழுங்கே இல்லாமல் ஏதோ ஒரு படம் இருட்டு

அந்தப் படத்தில் எந்தப் பக்க நிழல் மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு விளக்கின் வேலை மட்டும் காணாமல் போயிருந்தால் அது டிரிகர் பிரச்சினை, மேலே சொன்னதுதான். எல்லாமே சேர்ந்து ஒன்றுபோல் மங்கியிருந்தால் வேறு யாருடைய பிளாஷோ உங்களுடைய முந்தைய படங்களில் தற்செயலாக விழுந்திருக்கலாம். அதாவது இருட்டான படம்தான் உங்கள் சரியான வெளிச்சம், மற்றவை இரவல். சிரிக்காதீர்கள், நடக்கிற விஷயம்தான்.

## படத்தின் ஓரத்தில் கறுப்பு

### நேர்கோட்டுப் பட்டை, பிளாஷ் போட்டால் மட்டும்

கேமராவைக் கிடையாகப் பிடித்தால் பெரும்பாலும் கீழ் ஓரத்தில் வரும், நிமிர்த்திப் பிடித்தால் பக்கவாட்டில் வரும். பிளாஷ் சிங்க் வேகத்தை, அதாவது பிளாஷ் படம் முழுக்கப் படும் உச்ச ஷட்டர் வேகத்தை, தாண்டிவிட்டீர்கள். பல கேமராக்களுக்கு அது 1/200 அல்லது 1/250 வினாடி. வெயிலில் போர்ட்ரெய்ட் எடுத்துவிட்டு உள்ளே வரும்போது 1/500இல் விட்டுவிடுவதுதான் வழக்கமான கதை.

1/200இலேயே மெல்லிய பட்டை வருகிறதா? ரேடியோ டிரிகர் கொஞ்சம் தாமதிக்கிறது. 1/160க்கு இறங்குங்கள், போதவில்லை என்றால் 1/125. வெளியே எஃப் 1.8 (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் சிறிதானால் துவாரம் பெரிது) வைத்து வேகமான ஷட்டர் வேண்டும் என்றால் ஹை ஸ்பீட் சிங்க் (சிங்க் வேகத்தைத் தாண்டியும் பிளாஷ் அடிக்க வைக்கும் வசதி) போடுங்கள். ஆனால் அது பிளாஷின் பலத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும், இரண்டு ஸ்டாப் அளவுக்கு இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நெருக்கமாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். அதைவிட ஒரு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) மாட்டிக்கொண்டு 1/200இலேயே இருப்பது பல நேரங்களில் சுலபம். படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதியும் குளோபல் ஷட்டர் வைத்திருக்கும் சோனி ஆல்ஃபா 9 III போன்ற கேமராவுக்கு இந்தத் தலைவலி இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகக் கேமரா மாற்றச் சொல்ல மாட்டேன்.

### பிளாஷ் இல்லாமலும் பட்டை வருகிறது

இது வேறு. பட்டப்பகலில் வெற்றுச் சுவரை 1/1000, 1/2000, 1/4000 என்று எடுத்துப் பாருங்கள். வேகம் கூடக் கூட ஒரு பக்கம் இருண்டுகொண்டே போனால் ஷட்டர் திரை தேய்ந்துவிட்டது. எலக்ட்ரானிக் ஷட்டரில் அதே சுவர் சுத்தமாக வந்தால் சந்தேகமே வேண்டாம். அன்றைய வேலையை 1/250க்குள் முடித்துக்கொண்டு, மறுநாள் கேமராவை சர்வீஸில் கொடுங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

### வளைவான நிழல், அல்லது நான்கு மூலையும் இருட்டு

கீழே பிறை மாதிரி நிழல் விழுந்தால் லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு வளையம்) பிளாஷை மறைக்கிறது. ஹுட்டைக் கழற்றுங்கள். மூலைகள் இருண்டால் பிளாஷின் ஜூம் 105இல் நிற்கிறது, லென்ஸோ 24இல் இருக்கிறது. ஆட்டோவில் போடுங்கள். இதற்கெல்லாம் ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

## படம் முழுக்கக் கோடுகள், அல்லது வெளிச்சம் துடிக்கிறது

### படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறுகிறது

பிளாஷ் இல்லாமல், மண்டப விளக்கில், வேகமான ஷட்டரில் எடுக்கிறீர்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. ஷட்டரை 50 ஹெர்ட்ஸுக்கு 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸுக்கு 1/120 அல்லது 1/60 என்று வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கம் படத்துக்குள் அடங்கிவிடும். வேகமான ஷட்டர்தான் வேண்டும் என்றால் கேமராவின் ஆன்டி ஃபிளிக்கர் வசதியைப் போடுங்கள். துடிப்பின் உச்சம் வரும்வரை காத்திருந்து அது படம் எடுக்கும், அதனால் தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும்.

### மெல்லிய கோடுகள் வரிசையாக

எல்இடி விளக்கை மங்க வைக்கும்போது பலவற்றில் வெளிச்சம் உண்மையில் மங்குவதில்லை. மிக வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது, நம் கண்ணுக்குத்தான் மங்கலாகத் தெரிகிறது. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்த அணைதல் கோடுகளாகப் பதிகிறது. முதலில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அதிலும் மிச்சம் இருந்தால் 1/100க்குக் கீழே இறங்குங்கள். சில புதிய கேமராக்களில் ஷட்டர் வேகத்தை மிக நுணுக்கமாக நகர்த்தும் வசதி இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே கோடு மறையும்வரை திருப்பலாம். ஆன்டி ஃபிளிக்கர் இங்கே உதவாது, அது 100, 120 துடிப்புகளை மட்டும் தேடும்.

விளக்குக்காரரிடம் போய் ‘கொஞ்சம் முழு வெளிச்சத்தில் வையுங்கள் அண்ணா’ என்று கேட்பது எல்லா அமைப்பையும்விட நன்றாக வேலை செய்கிறது. முழுமையாக எரியும்போது பல விளக்குகளில் துடிப்பு இருக்காது. நிகழ்ச்சிக்கு முன்பே போய்க் கைபேசியின் ஸ்லோ மோஷனில் ஒவ்வொரு விளக்கையும் ஐந்து வினாடி படம் பிடித்துப் பாருங்கள். துடிக்கிற விளக்கு எது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதில் மட்டும் பட்டைகள் விழும். ஷட்டரை 1/60 பக்கம் கொண்டுவாருங்கள், முகத்தை பிளாஷால் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் அலை அலையாக நெளிவது வேறு தொல்லை, அது துடிப்பால் வருவதில்லை. திரையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருகிறது. ஆட்களைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்தி, அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) திறந்து, திரையை ஃபோகஸுக்கு வெளியே தள்ளுங்கள்.

## முகம் மட்டும் வெளிச்சம், பின்னால் குகை

பிளாஷ் கெட்டுவிட்டதென்று இதற்காகக் கடைக்குக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 8 என்று வைத்தால் மண்டபத்தின் விளக்குகள் படத்துக்குள் நுழையவே முடியாது. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள், ஷட்டரை 1/60க்கு இறக்குங்கள், எஃப் 2.8லிருந்து 4 வரை வையுங்கள். பிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். மண்டபம் உங்களுக்குப் பிடித்த அளவு தெரிகிறதா? இப்போது பிளாஷைப் போட்டு முகத்துக்கு மட்டும் கூட்டுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஆட்களுக்குப் பின்னால் நிழல் வால் பிடித்தால் ஷட்டரை 1/125க்கு ஏற்றி, குறைந்ததை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டுங்கள். பெரிய குழுவில் ஒரு முனை வெளுத்து மறு முனை மங்கினால் விளக்கு ஒரு பக்கத்துக்கு மிக அருகில் நிற்கிறது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். விளக்கைப் பின்னால் இழுத்து உயர்த்தி, அருகில் நிற்பவரை விட்டுவிட்டுத் தூர முனையை நோக்கித் திருப்புங்கள். பவரைக் கூட்ட வேண்டியிருக்கும்.

பவுன்ஸ் செய்தும் (பிளாஷைக் கூரையிலோ சுவரிலோ அடித்துத் திருப்பியும்) முகம் தேறவில்லையா? நிமிர்ந்து பாருங்கள். கூரை கறுப்பாக, மரமாக, அல்லது மிக உயரமாக இருந்தால் வெளிச்சம் திரும்பி வராது. பக்கத்துச் சுவரைத் தேடுங்கள், இல்லையென்றால் ஸ்டாண்டில் குடையை விரியுங்கள். திறந்தவெளியில் பிளாஷ் மேல் வெள்ளை பிளாஸ்டிக் தொப்பி மாட்டி வானத்தைப் பார்க்க வைப்பதால் பேட்டரி செலவாகிறது, வேறு பயனில்லை.

## தோல் நிறம் சரியில்லை

### படம் முழுக்க ஒரே சாயல்

இது சுலபம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு) ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு முடிவெடுக்கிறது. சாம்பல் அட்டையை முகத்துக்கருகில் பிடித்து ஒரு படம் எடுத்து கெல்வின் எண்ணை (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) பூட்டிவிடுங்கள். ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக) எடுத்தால் பிறகு திருத்தலாம், ஆயிரம் படங்களில் ஆயிரம் எண் இருந்தால் திருத்துவதற்குள் விடிந்துவிடும்.

### முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம்

பிளாஷ் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் விளக்குகள் சுமார் 3000. முகத்தைச் சரிசெய்தால் பின்னணி ஆரஞ்சாகும், பின்னணியைச் சரிசெய்தால் முகம் நீலமாகும். மென்பொருளில் மல்லுக்கட்டாதீர்கள். பிளாஷ் தலையில் ஆரஞ்சு சிடிஓ ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டுங்கள். முழு ஜெல் பிளாஷைச் சுமார் 3200க்குக் கொண்டுவரும். நான் பெரும்பாலும் பாதி ஜெல்தான் போடுகிறேன், பின்னணியில் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சினால் மண்டபம் மண்டபமாகத் தெரியும். மலிவான குழல் விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் பச்சை அடித்தால் பிளாஷுக்கும் பச்சை ஜெல் போட்டு, ஒயிட் பேலன்ஸை மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். பச்சைக்குப் பச்சையா என்று தோன்றும். எல்லாம் ஒரே பச்சையானால்தான் ஒரே அடியில் நீக்க முடியும்.

### ஒரு கன்னம் மட்டும் பச்சை அல்லது சிவப்பு

பவுன்ஸ் செய்த சுவரின் பெயிண்ட், அல்லது பக்கத்தில் தொங்கும் துணி. வேறு சுவருக்குத் திரும்புங்கள்.

### முகம் ஊதாவாக, கண்மூக்குத் தெரியாமல் உருகிவிட்டது

மேடையின் நீல, ஊதா எல்இடிகள். பின்புறத் திரையில் வெறும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தின் வரைபடம்) பார்த்தால் எல்லாம் சரி என்றே காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறங்கள். நீலம் மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டியதைப் பிறகு மீட்க முடியாது, அதனால் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். மேடை அருகே இருந்தால் பிளாஷை முகத்தில் போட்டு ஊதாவைப் பின்னணிக்கு மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டும் முடியாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பல நேரம் பிழைத்துவிடும்.

ஆட்டக் களத்தில் லேசர் விளக்கு ஓடுகிறதா? கதிர் லென்ஸுக்கு நேராக வரும் இடத்தில் நிற்காதீர்கள். சென்சாரில் நிரந்தரமாகப் புள்ளியோ கோடோ விழுந்துவிடும். சென்சாரை மாற்றுவது கேமரா விலையில் பெரும்பங்கு.

## படம் கூர்மையாக இல்லை

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். சின்னத் திரையில் முழுப் படத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

வேறு ஏதாவது கூர்மையாக இருக்கிறதா? முகம் மங்கி, பின்னால் இருக்கும் பூ வேலைப்பாடு கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. ஃபோகஸ் பரப்பைக் குறையுங்கள், கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் உடையின் விளிம்பு போல வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பூட்டுங்கள்.

ஒருவரின் கண் கூர்மை, பக்கத்தில் இருப்பவர் மங்கல் என்றால் அப்பர்ச்சர் திறந்து கிடக்கிறது. 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால் ஃபுல் ஃபிரேமில் கூர்மை சுமார் 6 சென்டிமீட்டர்தான். ஜோடியில் ஒருவர் அரை அடி பின்னால் நின்றாலே போச்சு. தனி ஆளுக்கு அது சரி, ஜோடிக்கு எஃப் 4, இரண்டு வரிசைக் குழுவுக்கு எஃப் 5.6லிருந்து 8 வரை.

எதுவுமே கூர்மையாக இல்லாமல் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. தரை கூர்மையாக, கைகள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் ஆடியிருக்கிறார், ஸ்டெபிலைசேஷன் அதற்கு உதவாது. இரண்டுக்கும் ஷட்டரைத்தான் கூட்ட வேண்டும்.

எல்லாப் படத்திலும் ஒரே அளவுக்குக் காதுக்குப் பின்னால் கூர்மை விழுகிறதா? டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ (பின்திரையில் பார்த்து எடுப்பது) போட்டு எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் லென்ஸுக்கும் ஃபோகஸ் சென்சாருக்கும் ஒத்துப்போகவில்லை. நடுத்தர, உயர்ரக மாடல்களில் மெனுவிலேயே நுண்திருத்தம் இருக்கிறது, முக்காலியில் வைத்து நிதானமாகச் செய்யலாம். இல்லாத மாடலுக்கு சர்வீஸ்தான். லென்ஸ் கீழே விழுந்த பிறகு படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்துவிட்டது. செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி நேராக நின்று எடுத்தால் தெரிந்துவிடும். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது.

## முகத்தில் வரும் சின்னத் தொல்லைகள்

மூக்குக் கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் விளக்கை உயர்த்துங்கள், அல்லது பக்கத்துக்கு நகர்த்துங்கள். கண்ணாடியின் காம்பைக் காதில் சற்றே தூக்கி வைக்கச் சொன்னால் பாதி தொல்லை தீரும். நெற்றி மின்னினால் முதலில் கைக்குட்டை, பிறகு பெரிய சாஃப்ட்பாக்ஸ் அல்லது விளக்கை இடம் மாற்றுதல். கண்குழி கறுத்தால் ஆள் நேர் உச்சி விளக்கின் கீழே நிற்கிறார். இரண்டடி பின்னால் நகரச் சொல்லுங்கள். பேக்டிராப்பில் நிழல் விழுந்தால் ஆளை ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், இடமே இல்லையென்றால் விளக்கை உயர்த்துங்கள். ஒருவர் மட்டும் எல்லாப் படத்திலும் கண்மூடினால் டிடிஎல்லின் முன்னோட்ட மின்னலுக்குக் கண் சிமிட்டுகிறார். மேனுவலுக்கு மாறினால் முன்மின்னல் போய்விடும், கண்ணும் திறந்திருக்கும்.

## மூட்டம், புள்ளி

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் படம் பால்போல் ஆனால் அது ஈரம். துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள், துடைக்கத் துடைக்கப் படியும். வெளியே வருவதற்கு அரை மணி முன்பே கேமராவைப் பைக்குள் மூடி வெளியே கொண்டுபோய் வையுங்கள், உள்ளிருக்கும்போதே சூடேறட்டும். ஈரம் இல்லாமல் எப்போதும் மூட்டமாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். எதிர்வெளிச்சத்தில் விளக்குகளின் பச்சைப் பிரதிகள் மிதப்பதும் பெரும்பாலும் ஃபில்டரின் வேலைதான்.

ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா? எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுங்கள். லென்ஸை மாற்றியும் புள்ளி அங்கேயே இருந்தால் சென்சாரில் தூசி. கையால் அழுத்தும் ஊதுபந்தைப் பிடியுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் தூசியைவிட மோசம். ஊதிப் போகாததை ஈரத் துடைப்பான் வாங்கி நீங்களே செய்யலாம், கை நடுங்காது என்றால். நானே இதை இரண்டு முறை செய்துவிட்டு மூன்றாவது முறை கொடுத்துச் செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்காமல் தனியாக எடுத்துவைத்து, சீக்கிரம் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். நாள் ஆக ஆக அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும், பிறகு சுத்தம் செய்தாலும் தடம் போகாது.